இடத்தியற் பொருள்களின் புறப்பரப்பு நிலைகளும் ஒளிவழி ஆய்வும்

இயற்பியல் துறையில் பணியாற்றும் நண்பர் ஒருவர், தம் ஆராய்ச்சிப் பொருளைத் தமிழில் எழுத விரும்பி, சில கலைச்சொற்களுக்கு நல்ல தமிழ் வடிவம் வேண்டி எம்மிடம் வந்தார். சொல்லைத் தேர்வதற்கு முன் பொருளை அறிதல் வேண்டுமன்றோ? ஆகவே அவரை விளக்கச் சொல்லிக் கேட்டோம். அவர் சுட்டிய கட்டுரைகளையும் இயன்ற அளவு பயின்றோம். பயின்றபின், அவ்வாராய்ச்சிக்கு உயிராய் விளங்குவது தமிழ் ஆராய்ச்சியாளர்க்கு நன்கு பழக்கமான ஒரு சிக்கலே என்று கண்டோம். ஏட்டுச் சுவடியில் காணும் பாடம் நூலாசிரியருடையதா, ஏடெழுதினோர் சேர்த்ததா என்று தெளிதல் நம் கடன். படிகத்தின்மீது ஒளியைப் பாய்ச்சிப் பெறும் விடை, அதன் புறப்பரப்பு கூறியதா, அகப்பகுதி கூறியதா, அன்றி ஒளியே புகுத்தியதா என்று தெளிதல் அவர்தம் கடன். அத்தெளிவை அவர்கள் எய்தும் வழிகளையே ஈண்டு ஆராய்கின்றோம்.

முதற்கண் சொற்களைப் பற்றிச் சிறிது கூறுவோம். 'மேற்பரப்பு' என்னும் சொல்லே பாடநூல்களில் பெருவழக்காக உள்ளது. ஆயினும் இப்பொருள்களைப் பற்றிப் பேசுங்கால் அச்சொல் பொருந்தாது என்பது எம் கருத்து. மேற்பக்கத்தில் நிகழ்வதே கீழ்ப்பக்கத்திலும் பக்கவாட்டிலும் நிகழ்கின்றது. கீழ்ப்பக்கத்தையும் கணக்கிற் கொள்ளாவிடின் விடை பிழைபடும் ஆய்வு ஒன்றனைப் பின்னர்க் காண்போம். ஆதலின் 'புறப்பரப்பு' என்று வழங்குகின்றோம். அதற்கு எதிர்ச்சொல்லாக 'அகப்பகுதி' என்கின்றோம். அகத்திணை புறத்திணைகளை நினைந்து இச்சொற்களுக்கு மேலும் பொருள் காண முயலவேண்டா. 'இடத்தியல்' என்பதோ வேறுவகைக் குறையுடையது. 1847ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் லிஸ்டிங் தம் மொழியில் ஆக்கிய சொல்லின் நேர் மொழிபெயர்ப்பு அது. இடத்தைப் பற்றிய நூல் என்பது அதன் சொற்பொருள். அந்நூலோ இடத்தைப் பற்றியதன்று. ஒரு வடிவத்தை இழுத்தாலும் வளைத்தாலும் நசுக்கினாலும், அறுக்காமலும் ஒட்டாமலும் இருக்கும்வரை, மாறாது நிற்கும் இயல்புகளைப் பற்றியது. 'உருவியல்' எனலாமே என்றார் நண்பர். மாறும் உருவைப் பொருட்படுத்தாது மாறா இயல்பை ஆராயும் ஒன்றற்கு அப்பெயர் முற்றிலும் முரண்படும். 'உருபியல்' எனத் தொல்காப்பியத்தில் வேறோர் இயலும் உண்டு. வழக்கில் வந்துவிட்ட 'இடத்தியல்' என்பதனையே ஏற்றுக்கொண்டோம்.

அம்மாறா இயல்பு யாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். நீண்ட ஓலை நறுக்கு ஒன்றன் இரு முனைகளையும் சேர்த்து ஒட்டினால் ஒரு வளையம் கிடைக்கும். ஒரு முனையை அரைச்சுற்று முறுக்கி ஒட்டினாலும் ஒரு வளையம் கிடைக்கும். முன்னதற்கு உட்பக்கம் வெளிப்பக்கம் என இரண்டு பக்கங்கள் உண்டு. பின்னதற்கு ஒரே பக்கந்தான். எத்துணை வளைப்பினும் ஒன்று மற்றொன்றாகாது. அறுத்து மீண்டும் ஒட்டினால்தான் ஆகும். இவ்விரண்டாவது வளையத்தை 1858ஆம் ஆண்டில் மொபியஸ் என்பாரும் மேற்கூறிய லிஸ்டிங்கும் தனித்தனியே கண்டனர்.

இனி, படிகத்திற்கும் இவ்வோலை வளையத்திற்கும் உள்ள தொடர்பு யாது? படிகத்தில் எலெக்ட்ரான்கள் கொள்ளத்தக்க ஆற்றல்கள் தொடர்ச்சியாக அமைவன அல்ல. பட்டை பட்டையாக அமைவன. இரு பட்டைகளுக்கு நடுவே எந்த எலெக்ட்ரானும் நிற்க இயலாத இடைவெளி உண்டு. கீழ்ப்பட்டை முற்றும் நிரம்பி மேற்பட்டை வெறுமையாய் இருக்குமாயின் அப்பொருள் மின்சாரத்தைக் கடத்தாது; அதனை மின்காப்புப் பொருள் என்பர். பிஸ்மத் போன்ற கனமான தனிமங்களில் எலெக்ட்ரானின் தற்சுழற்சியும் அதன் இயக்கமும் வலுவாகப் பிணைந்துள்ளன. அப்பிணைப்பின் விளைவாகச் சில படிகங்களில், மேற்பட்டைக்கு உரிய இயல்பு கீழ்ப்பட்டைக்கும் கீழ்ப்பட்டைக்கு உரியது மேற்பட்டைக்குமாக ஓரிடத்தில் மாறிவிடுகின்றது. இதுவே முறுக்கு. முறுக்குண்ட பட்டைகளையுடைய பொருளும் முறுக்கற்ற பட்டைகளையுடைய பொருளும் வெவ்வேறு இனம். நடுவிலுள்ள இடைவெளியை மூடித் திறந்தாலன்றி ஒன்று மற்றொன்றாகாது. இடைவெளியை மூடுதலே ஈண்டு அறுத்தல் ஆகும்.

படிகத்திற்கு வெளியே உள்ள வெற்றிடமும் முறுக்கற்ற இனத்தையே சார்ந்தது. எனவே முறுக்குண்ட படிகம் ஒன்று முடிவுற்று வெற்றிடம் தொடங்கும் எல்லையில் அவ்விடைவெளி மூடியே தீரவேண்டும். அவ்வாறு மூடும்போது, அகப்பகுதியில் எலெக்ட்ரான் நிற்க இயலாத ஆற்றல்களிலும் எல்லையில் நிற்க இயலும். அவையே புறப்பரப்பு நிலைகள். அகத்தில் மின்சாரம் பாயாத அப்பொருளின் புறத்தில் மின்சாரம் பாய்கின்றது.

புணர்ச்சி விதி பயின்றோர்க்கு இது வியப்பளிக்காது. 'பூ' என்னும் சொல்லில் ஙகர மெய் இல்லை. 'கொடி' என்னும் சொல்லிலும் இல்லை. இரண்டும் புணர்ந்தவிடத்துப் 'பூங்கொடி' என ஙகரம் தோன்றுகின்றது. அது நிலைமொழிக்கும் உரியதன்று, வருமொழிக்கும் உரியதன்று, எல்லைக்கே உரியது. வருமொழி 'சோலை' ஆயின் ஞகரமாகத் தோன்றும். அவ்வாறே படிகத்தை அடுத்திருப்பது வெற்றிடமா, வேறொரு பொருளா என்பதற்கேற்பப் புறப்பரப்பு நிலையின் நுண்ணிய வடிவம் வேறுபடும். ஆயினும் இஃது முற்றுவமை அன்று. 'பூக்கொடி' எனவும் புணரலாம் என்று இலக்கணம் விகற்பம் கூறும். இங்கோ விகற்பம் இல்லை. இரு இனங்கள் அடுத்து நின்றால் எல்லையில் நிலைகள் தோன்றாமல் இரா.

இந்நிலைகளுக்கு மற்றுமொரு சிறப்பு உண்டு. வலப்புறம் செல்லும் எலெக்ட்ரானின் தற்சுழற்சி ஒரு திசையிலும், இடப்புறம் செல்வதன் தற்சுழற்சி நேரெதிர்த் திசையிலும் அமைகின்றன. வழியில் ஒரு மாசு எதிர்ப்பட்டாலும், அது காந்தத்தன்மை அற்றதாயின், எலெக்ட்ரான் நேரே பின்னோக்கித் திரும்புதல் இயலாது. திரும்பவேண்டின் தற்சுழற்சியும் தலைகீழாதல் வேண்டும்.

வரலாற்றைச் சுருக்கமாகக் கூறி மேற்செல்வோம். 1980இல் கிளிட்ஸிங் கண்ட குவாண்டம் ஹால் விளைவு இத்துறைக்குத் தொடக்கம். அதனை இடத்தியல் வழியாக விளக்கிய தௌலஸ் என்பார் ஹால்டேன், காஸ்டர்லிட்ஸ் ஆகியோருடன் 2016இல் நோபெல் பரிசு பெற்றார். காந்தப்புலம் இன்றியே இத்தகைய பொருள் அமையக்கூடும் என்று 2005இல் கேன், மெல் என்னும் இருவர் காட்டினர். 2007இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் பாதரச டெல்லுரைடின் மெல்லிய படலத்தில் அது மின்னளவையால் மெய்ப்பிக்கப்பட்டது. அது தளப்பொருள், அதன் எல்லை ஒரு கோடு. நீளம் அகலம் உயரம் மூன்றும் உடைய பொருளில், அஃதாவது எல்லையே ஒரு பரப்பாக உள்ள பொருளில், இது நிகழும் என்று பூ, கேன் ஆகியோர் 2007இல் முன்னுரைத்தனர். பிஸ்மத்தும் ஆண்டிமனியும் கலந்த படிகத்தை ஆராய்க என்று பொருளையும் பெயர் சுட்டிக் கூறினர்.

வூர்ட்ஸ்பர்க் அறிஞர்கள் மின்கம்பிகளைப் பொருத்தி அளந்தது போல் இங்கும் அளத்தல் ஆகாதோ என்று வினவலாம். ஆவதில்லை. இவ்வினத்துள் மிகுதியும் ஆராயப்பட்ட பிஸ்மத் செலினைடு என்னும் படிகத்தை எடுத்துக்கொள்வோம். அது வளருங்கால் செலீனிய அணுக்கள் சில தம் இடத்தை விட்டு நீங்கிவிடுகின்றன. நீங்கிய இடந்தோறும் உபரி எலெக்ட்ரான்கள் எஞ்சி, வெறுமையாய் இருக்கவேண்டிய மேற்பட்டையில் குடியேறுகின்றன. இதனால் காப்புப் பொருளாக இருக்கவேண்டிய அகப்பகுதியும் மின்சாரத்தைக் கடத்துகின்றது. மின்னோட்டத்தை அளந்தால் கிடைப்பது பெரும்பாலும் அகத்தின் ஓட்டமே. திருவிழாக் கூட்டத்தின் ஆரவாரத்தில் ஒருவர் மென்குரலாற் பாடும் பாட்டைக் கேட்க முயல்வது போன்றது அது. ஒளியை நாடியமைக்கு இதுவே காரணம்.

ஒளியால் எலெக்ட்ரானை வெளியேற்றுதல் பழைய செய்தி. புறஊதாக் கதிர் படும்போது மின்பொறி எளிதில் பாய்வதை 1887இல் ஹெர்ட்ஸ் கண்டார். ஒளி துகள் துகளாக வந்து, ஒவ்வொரு துகளும் தன் ஆற்றல் முழுவதையும் ஓர் எலெக்ட்ரானுக்கு அளிக்கின்றது என்று 1905இல் ஐன்ஸ்டைன் விளக்கினார். வெளிவந்த எலெக்ட்ரானின் ஆற்றலை அளந்து, ஒளித்துகளின் ஆற்றலோடு ஒப்பிட்டு, வெளியேறுதற்குச் செலவான ஆற்றலையும் சேர்த்துக் கணித்தால், அந்த எலெக்ட்ரான் படிகத்துள் எந்த ஆற்றலில் இருந்தது என்பது புலப்படும். அது வெளிப்பட்ட கோணத்தையும் அளந்தால் படிகத்துள் அது எவ்வுந்தத்தோடு இயங்கியது என்பதும் புலப்படும். புறப்பரப்பிற்கு இணையான உந்தம் எல்லையைக் கடக்கும்போது மாறுவதில்லை; செங்குத்தான உந்தம் மட்டும் மாறிவிடும். தண்ணீரினின்றும் காற்றிற்கு வரும் ஒளிக்கதிர் வளைவதை நினைவு கூர்க. ஆற்றலையும் உந்தத்தையும் இரு அச்சுகளாகக் கொண்டு குறித்தால் பட்டைகளின் வடிவமே படமாக எழுந்துவிடுகின்றது. கோணம் பகுத்து அளக்கும் ஒளி எலெக்ட்ரான் முறை என்று இதனைக் கூறலாம்.

இம்முறை புறப்பரப்பு ஆய்விற்கென்றே அமைந்தது போன்றது. இருபது முதல் நூறு எலெக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றலுடைய ஒளி படிகத்துள் ஆழமாகச் செல்லும். ஆனால் ஆழத்தில் விடுபட்ட எலெக்ட்ரான் வழியில் மோதித் தன் ஆற்றலை இழந்துவிடும். இழவாது வெளிவருபவை, ஏறக்குறைய அரை நானோமீட்டர் முதல் ஒரு நானோமீட்டர் வரை ஆழத்திலிருந்து புறப்பட்டவையே. நானோமீட்டர் என்பது மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. பிஸ்மத் செலினைடில் செலீனியமும் பிஸ்மத்தும் மாறிமாறி ஐந்து அணுத்தளங்களாக அடுக்கப்பெற்று ஓர் ஏடாக அமைகின்றன. அவ்வேட்டின் தடிப்பும் ஏறக்குறைய ஒரு நானோமீட்டரே. ஏட்டுக்கும் ஏட்டுக்கும் இடையேயுள்ள பிணைப்பு மிக மெலிது. ஆதலின் படிகத்தின் தலையில் ஒரு சிறு தூணை ஒட்டி, வெற்றிடக் கலத்துள் வைத்துத் தட்டிவிட்டால், ஓலைக்கட்டிலிருந்து ஓலை பிரிவது போல் ஏடு பிரிந்து, காற்றே படாத புதுப்பரப்பு ஒன்று வெளிப்படும். அக்கலத்திலுள்ள அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஓர் இலட்சம் கோடியில் ஒரு பங்கினும் குறைவு. அத்துணைக் காவலிருந்தும் அப்பரப்பு நெடுநேரம் தூய்மையாய் இருப்பதில்லை. சில மணி நேரத்தில் எஞ்சிய வளி அணுக்கள் படிந்துவிடும்.

2008ஆம் ஆண்டில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஸாகித் ஹசனும் குழுவினரும், ஒன்பது பங்கு பிஸ்மத்தும் ஒரு பங்கு ஆண்டிமனியும் கலந்த படிகத்தை இம்முறையால் ஆராய்ந்தனர். உந்தவெளியில் குறிப்பிட்ட இரு புள்ளிகளுக்கு இடையே, புறப்பரப்பு நிலைகளின் கோடுகள் எலெக்ட்ரான்கள் நிரம்பிநிற்கும் உச்சி மட்டத்தை ஐந்து முறை வெட்டின. ஐந்து என்பது ஒற்றை எண். ஏனைப் பொருள்களின் புறப்பரப்பிலும் நிலைகள் தோன்றலாம். ஆனால் அவை இரட்டைப்படையாகவே வெட்டும். மாசினாலோ வேறு காரணத்தாலோ இரண்டிரண்டாக மறைந்தும் போகலாம். ஒற்றைப்படையாக வெட்டுவன முற்றும் மறைதல் இயலாது. இறுதியில் ஒன்றேனும் எஞ்சும். அளவையின் நுண்மை எத்துணையாயினும் இறுதியிற் கேட்கும் வினா ஒற்றையா இரட்டையா என்பதே! இவ்வாராய்ச்சியில் எம்மை மிகவும் கவர்ந்தது இவ்விடமே. அடுத்த ஆண்டில் பிஸ்மத் செலினைடிலும் பிஸ்மத் டெல்லுரைடிலும் ஒரே ஒரு கூம்பு வடிவான புறப்பரப்பு நிலை இருத்தல் காணப்பட்டது. அதனைப் பக்கவாட்டில் நோக்கினால் இரு நேர்கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவது போல் தோன்றும். பிஸ்மத் செலினைடில் பட்டைகளின் இடைவெளி ஏறக்குறைய 0.3 எலெக்ட்ரான் வோல்ட். அறை வெப்பத்தின் ஆற்றலோ 0.025 மட்டுமே. எனவே கடுங்குளிரை நாடாமலும் அந்நிலைகள் நிலைத்திருக்கும். அங்கு எலெக்ட்ரான்கள் ஓடும் விரைவு ஒளியின் விரைவில் ஏறக்குறைய அறுநூற்றில் ஒரு பங்கு.

படத்தில் ஒரு கோடு தோன்றிவிட்டால் அது புறப்பரப்பிற்கே உரியது என்று எங்ஙனம் துணிவது? அகப்பகுதியின் முதல் ஓரிரு ஏடுகளும் அப்படத்தில் கலந்து தோன்றுமே? இதற்கு அவர்கள் கையாளும் முறை, பல சுவடிகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர் முறையை ஒத்தது. ஒளித்துகளின் ஆற்றலைச் சிறிது சிறிதாக மாற்றி மீண்டும் மீண்டும் படம் எடுக்கின்றனர். ஒளியின் ஆற்றல் மாறும்போது செங்குத்தான உந்தம் மாறுகின்றது. அகப்பகுதியின் நிலைகள் மூன்று திசையிலும் பரந்தவை ஆதலின், அவற்றின் கோடுகள் படத்துக்குப் படம் இடம்பெயரும். புறப்பரப்பு நிலைகளுக்கு ஆழம் என்னும் திசையே இல்லை. ஆதலின் அவை இடம்பெயராமல் நிற்கும். எல்லாச் சுவடிகளிலும் ஒரே வடிவாக நிற்கும் பாடத்தை நாம் ஏற்பதில்லையா? அதுபோல் எல்லாப் படங்களிலும் அசையாது நிற்கும் கோட்டினைப் புறப்பரப்பிற்கு உரியதென அவர்கள் ஏற்கின்றனர். ஒளியின் ஆற்றலை இவ்வாறு விரும்பியபடி மாற்றுதற்காகவே சின்க்ரோட்ரான் என்னும் பெரும் ஒளி நிலையங்களை அவர்கள் நாடிச் செல்கின்றனர்.

எனினும் புறப்பரப்பிற்கு உரியது என்பதும் இடத்தியலால் விளைந்தது என்பதும் ஒன்றல்ல. இதனை மறந்தால் பெரும்பிழை நேரும். ஏடு பிரித்துச் சில மணி நேரம் சென்றபின், புதிதாகப் படிந்த அணுக்களின் தாக்கத்தால் புறப்பரப்பை அடுத்துள்ள பட்டைகள் கீழ்நோக்கி வளைகின்றன. அவ்வளைவினால் ஒரு பள்ளம் உண்டாகி, அதில் எலெக்ட்ரான்கள் தேங்குகின்றன. அத்தேக்கமும் புறத்தே உள்ளது. அதன் கோடும் அசையாது நிற்பது. ஆனால் அதற்கும் முறுக்கிற்கும் தொடர்பு இல்லை. 2010இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகர ஆய்வாளர்கள் பிஸ்மத் செலினைடில் இவ்விரண்டும் ஒருங்கே நிற்பதைக் காட்டினர். இடைச்செருகல் பழமையானதாயினும் இடைச்செருகலே.

ஆகவே மூன்றாவது சான்றாகத் தற்சுழற்சியை நாடினர். வெளிவந்த எலெக்ட்ரான்களைத் தங்கத் தகட்டில் மோதவிட்டால், தற்சுழற்சியின் திசைக்கேற்ப இடப்புறம் சிதறுவனவும் வலப்புறம் சிதறுவனவும் எண்ணிக்கையில் வேறுபடும். அவ்வேறுபாட்டை அளந்து, கூம்பைச் சுற்றித் தற்சுழற்சியும் சுழன்று வருதலை 2009இல் ஹசன் குழுவினர் நிறுவினர். வழக்கு முடிந்தது என்றே பலரும் கருதினர். ஆனால் 2013இல் பெர்க்கிலியைச் சார்ந்த ஆய்வாளர்கள் எதிர்பாராத ஒன்றனைக் கூறினர். பாய்ச்சும் ஒளியின் முனைவாக்கத்தை மாற்றினால், வெளிவரும் எலெக்ட்ரானின் தற்சுழற்சியும் மாறுகின்றது. சில நிலைமைகளில் முற்றும் தலைகீழாகின்றது. படிகத்துள் இருந்தபோது இருந்த தற்சுழற்சி வேறு, ஒளி வெளிக்கொணர்ந்த பின் அளக்கும் தற்சுழற்சி வேறு. பார்த்து எழுதுவோன் தன் கைவண்ணத்தையும் சேர்த்து எழுதிவிடுகின்றான்! இதனால் முன்னைய முடிபு பிழை என்று ஆகிவிடவில்லை. எம்முனைவாக்கத்தில் அளந்தது என்பதைக் கூறாமல் தற்சுழற்சி இன்ன திசை என்று கூறுதல் இனி இயலாது என்று ஆயிற்று.

எலெக்ட்ரானை வெளியேற்றாமல், ஒளியை அனுப்பி ஒளியையே திரும்பப் பெறும் முறைகளும் உண்டு. இங்கே இடர்ப்பாடு மிகுதி. கண்ணுக்குப் புலனாகும் ஒளி இப்படிகத்துள் பல பத்து நானோமீட்டர் ஆழம் செல்லும். புறப்பரப்பு நிலையோ சில நானோமீட்டர் ஆழமே உடையது. ஆறு ஏடுகளினும் மெல்லிய படலமாயின் மேற்புற நிலையும் கீழ்ப்புற நிலையும் ஒன்றோடொன்று கலந்து கெட்டுவிடும் என்று 2010இல் கண்டனர். அவற்றின் ஆழத்தை இதனால் உய்த்துணரலாம். எனவே திரும்பிவரும் ஒளியில் பெரும்பகுதி அகத்தின் செய்தியே.

இவ்விடர்ப்பாட்டைக் கடக்கச் சமச்சீர்மையைத் துணைக்கொண்டமை பாராட்டிற்கு உரியது. பிஸ்மத் செலினைடின் அகப்பகுதியில் ஒரு மையப் புள்ளியைக் கொண்டு ஒவ்வோர் அணுவையும் எதிர்ப்பக்கத்திற்கு மாற்றினாலும் படிகம் முன்போலவே இருக்கும். இத்தகைய அமைப்பு, தன்மீது படும் ஒளியை இருமடங்கு அதிர்வெண்ணுடைய ஒளியாக மாற்றித் தருதல் இயலாது, விதியே தடுக்கின்றது. புறப்பரப்பில் அச்சமச்சீர்மை இல்லை. ஒருபுறம் படிகம், மறுபுறம் வெற்றிடம். ஆகவே சிவப்பு எல்லையில் உள்ள லேசர் ஒளியைப் பாய்ச்சி நீல எல்லையில் ஒளி வெளிவருமாயின், அது புறத்தே பிறந்தது என்று கொள்ளலாம். 2011இல் டேவிட் ஹ்ஸியே, நூஹ் கெடிக் முதலியோர் இம்முறையால் ஆராய்ந்து, ஏடு பிரித்தபின் நேரம் செல்லச்செல்ல அவ்வொளி மாறுதலையும் கண்டனர். மேலே கூறிய பட்டை வளைவு இங்கும் தலைகாட்டிற்று. அகத்தின் குரலை விதியால் அடக்கிவிட்டாலும், புறத்தை அடுத்துள்ள வளைந்த பகுதியின் குரல் அடங்கவில்லை.

வட்ட முனைவாக்கம் பெற்ற ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சினால் புறப்பரப்பில் மின்னோட்டம் எழுவதையும், ஒளி சுழலும் திசையை மாற்றினால் அதன் ஒரு கூறு எதிர்த்திசையிற் பாய்வதையும் 2012இல் அதே நகரத்து ஆய்வாளர்கள் கண்டனர். இராமன் விளைவும் இவ்வாராய்ச்சிக்குப் பயன்பட்டுள்ளது. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த இராமன் 1928இல் கல்கத்தாவில் கண்ட அவ்விளைவைக் கொண்டு, புறப்பரப்பு எலெக்ட்ரான்களின் தற்சுழற்சிகள் ஒருங்கே அலைபோல் இயங்குவதை 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

இவற்றினும் உறுதியான சான்று ஒன்று உண்டு. காந்தப்புலத்தில் ஒளியின் அதிர்வுத்தளம் திரும்புவதை 1845இல் பாரடே கண்டார். இடத்தியற் பொருளின் மெல்லிய படலத்தை வலிய காந்தப்புலத்தில் வைத்து, நுண்ணலைக்கும் அகச்சிவப்பிற்கும் இடைப்பட்ட ஒளியை ஊடுருவச் செய்தால், அத்திருப்பம் விரும்பியவாறு அமையாமல் படிப்படியாக அமையவேண்டும் என்றும், படியின் அளவு பொருளின் தன்மையைப் பொறுத்ததன்று, ஏறக்குறைய 137இல் ஒரு பங்கான இயற்கை மாறிலி ஒன்றனையே பொறுத்தது என்றும் கொள்கையாளர் கூறியிருந்தனர். 2016இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆர்மிட்டேஜும் குழுவினரும் பிஸ்மத் செலினைடுப் படலத்தில் அதனை அளந்து காட்டினர். அவ்வொளி படலம் முழுவதையும் ஊடுருவுவதாயிற்றே, அகம் குறுக்கிடாதா என்று வினவலாம். அகத்தில் உபரி எலெக்ட்ரான்கள் மிகக் குறைவாக இருக்குமாறு படலத்தைப் பக்குவமாக வளர்த்திருந்தமையால் அகம் வாளா இருந்தது. மேற்புறமும் கீழ்ப்புறமும் தனித்தனியே ஒரு பாதியைத் தர, இரண்டும் கூடியே முழு எண் கிடைக்கின்றது. 'மேற்பரப்பு' என்று மட்டும் கூறிக் கீழ்ப்புறத்தை விட்டுவிட்டால் கணக்குப் பொருந்தாது என்று முன்னர்க் கூறியது இதனையே. கோணம் பகுக்கும் முறை வடிவத்தைக் காட்டுகின்றது. இம்முறை எண்ணைக் காட்டுகின்றது. எண்ணே வலியது என்பது எம் துணிபு.

ஒளி வினவுவதோடு நில்லாது செயற்படுவதும் உண்டு. நொடியின் இலட்சம் கோடியில் ஒரு பங்கினும் குறைந்த நேரமே நீடிக்கும் இரு லேசர்த் துடிப்புகளை அடுத்தடுத்து அனுப்பி, முதலாவதால் எலெக்ட்ரான்களைக் கிளர்த்தி, இரண்டாவதால் அவற்றைப் படம் பிடிக்கின்றனர். 2012இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், கிளர்ந்த எலெக்ட்ரான்கள் புறப்பரப்பு நிலையில் எதிர்பார்த்ததினும் நெடுநேரம் நிற்பதைக் கண்டனர். அவை தாமே அங்கு நீடிப்பவை அல்ல. அகத்தின் மேற்பட்டையில் தேங்கியவை சிறிது சிறிதாகப் புறத்திற்கு ஊறிவந்து இடத்தை நிரப்பிக்கொண்டிருந்தன. புறத்தையும் அகத்தையும் பிரித்துக் காண முயன்ற நெறி, அவற்றின் கொடுக்கல் வாங்கலையும் காட்டிவிட்டது. அடுத்த ஆண்டில் கெடிக் குழுவினர், வட்ட முனைவாக்கமுடைய அகச்சிவப்பு ஒளி படும் நேரம் மட்டும் கூம்பின் முனையில் ஓர் இடைவெளி திறந்து, ஒளி நீங்கியதும் மறைதலைக் கண்டனர். அவ்விடைவெளி படிகத்திற்கு உரியதன்று. ஒளியும் படிகமும் கூடிய கூட்டிற்கு உரியது.

இவ்வளவு முறைகள் கைவந்தும் முடியாத வழக்கு ஒன்று உளது. சமாரியம் ஹெக்சாபோரைடு என்னும் படிகத்தின் அகம் கடுங்குளிரில் மின்சாரத்தைக் கடத்துவதில்லை, புறம் கடத்துகின்றது. அதனை இடத்தியற் பொருள் என்று 2010இல் முன்னுரைத்தனர். ஆயினும் அதன் இடைவெளி பிஸ்மத் செலினைடினதில் பதினைந்தில் ஒரு பங்கு அளவே இருத்தலின் அளக்கும் கருவியின் நுண்மைக்கே அது சோதனையாகின்றது. தற்சுழற்சியை அளந்து முன்னுரையை ஏற்றவரும் உளர். 2018இல் பெர்லின் ஆய்வாளர்கள், புறம் கடத்துவது உண்மையே, ஆனால் முறுக்கினால் அன்று என்று மறுத்துரைத்தனர். இருசாராரும் கோணம் பகுக்கும் முறையையே கொண்டு ஆராய்ந்தவர்கள். வேறுபாட்டிற்கு ஒரு காரணம் படிகத்தின் அமைப்பிலேயே உள்ளது. அது கனசதுர அமைப்புடையது. பிஸ்மத் செலினைடு போல் ஏடு ஏடாகப் பிரிவதன்று. உடைத்தால் ஓரிடத்தில் சமாரியம் வெளிப்படும், மற்றோரிடத்தில் போரான் வெளிப்படும், வேறோரிடத்தில் இரண்டும் கலந்து கிடக்கும். ஒளிக்கற்றை எவ்விடத்தில் விழுந்ததோ அவ்விடத்துப் பாடமே படத்தில் வருகின்றது.